லிஃப்ட் செஞ்ச வண்டிக்கு ஸ்டீரிங் ஸ்டெபிலைசர்: எதை எடுக்கலாம்?

கரட்டுமேடு (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். முன்பக்கம் ரிஜிட் ஆக்சில், காயில் ஸ்பிரிங், 3 இன்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷன்ல வண்டியை அவ்வளவு தூக்கியிருக்கு), 35 இன்ச் மட் டயர். மாடல் பேரைச் சொன்னா இழை கம்பெனிச் சண்டையா மாறிடும், அதனால அது வேண்டாம்.

லிஃப்ட் போட்டதுல இருந்து 70 தாண்டினா ஸ்டீரிங்ல லேசா உதறல். பாலம் சேர்ற இடத்துல, ரோட்டுல ஒட்டுப் போட்ட இடத்துல ஒரு பக்கச் சக்கரம் விழுந்தா ஸ்டீரிங்கைக் கையிலிருந்து பிடுங்குது. ஒரு தடவை மொத்த முன்பக்கமும் ஆட ஆரம்பிச்சு, வேகம் 40க்குக் கீழ வந்தப்புறம்தான் நின்னுச்சு.

பழைய ஸ்டெபிலைசர்ல எண்ணெய் கசிஞ்சு உடம்பெல்லாம் புழுதி அப்பிக் கிடக்கு, எப்படியும் மாத்தணும். பாத்து வச்சிருக்கறது நாலு வகை: சாதா ஹைட்ராலிக், கேஸ் அடைச்ச மோனோட்யூப், மேல ஸ்பிரிங் சுத்தின சென்டரிங் வகை, அப்புறம் ரெண்டு சிலிண்டர் செட். எதை எடுக்கறது?

டபுள்டிஃப்லாக்

ரெண்டு சிலிண்டர் செட் பாஸ், யோசிக்கவே வேண்டாம். 35 போட்டாச்சுன்னா ஒண்ணு பத்தாது. என் வண்டியில 37 ஓடுது, ரெண்டு போட்டதுல இருந்து ஒரு விரல்ல பிடிச்சு ஓட்டறேன்.

பதினேழாம்நம்பர்ஸ்பேனர்

கரட்டுமேடு தம்பி, முக்கியமான விஷயத்தை நடுவுல ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க. மொத்த முன்பக்கமும் ஆடி, 40க்கு வந்தப்புறம்தான் நின்னுச்சுன்னா அது டெத் வாபிள். அது ஸ்டெபிலைசர் கேக்கற அறிகுறி இல்ல. எங்கயோ ஒரு ஜாயின்ட் செத்திருக்கு, இல்லன்னா கேஸ்டர் (சக்கரம் திரும்பற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கற கோணம்) போயிருக்கு, இல்லன்னா ரெண்டும்.

ஸ்டெபிலைசர்ங்கறது படுக்க வச்ச ஒரு ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். டை ராடு, அதாவது ரெண்டு முன் சக்கரத்தையும் சேர்க்கற கம்பி, வேகமா நகரப் பாத்தா தடுக்கும், மெதுவா நகர்ந்தா விட்டுடும். வண்டியை நேரா ஓட வைக்கறது அதோட வேலை இல்ல, அது கேஸ்டரோட வேலை. முன்பக்கம் ஒழுங்கா இருக்கற வண்டி, ஸ்டெபிலைசரைக் கழட்டி ஷெட்டுல போட்டுட்டு வந்தாலும் நேராத்தான் ஓடும். கல்லுல மோதும்போது கைக்கு உதை கொஞ்சம் கூடுதலா வரும், அதோட சரி.

இப்போ நீங்க புதுசு ஒண்ணு வாங்கி மாட்டினா உதறல் நின்னுடும். அதுதான் எனக்குப் பயம். உள்ள இருக்கற ஆட்டம் அப்படியே இருக்கும், புது சிலிண்டர் அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே தேயும். அது தளர்ற அன்னிக்குத் திரும்ப வரும். அதுக்குள்ள பால் ஜாயின்ட்டும் சேர்ந்து போயிருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. வண்டி தரையிலயே நிக்கட்டும், ஜாக்கி வேண்டாம், எஞ்சின் ஓடட்டும். ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் கால் சுத்து, அந்தப் பக்கம் கால் சுத்துன்னு சடசடன்னு ஆட்டணும். நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பாருங்க. பாக்கறதோட விடாதீங்க, தொட்டுப் பாருங்க. பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டுல நகராம சேசிஸோட பிடிச்சிருக்கற கம்பி) சேசிஸ்ல சேர்ற இடத்துல விரலை வைங்க, பாதி பிராக்கெட் மேல, பாதி ராடோட கண் மேல. முடி அளவு நகர்ந்தாலும் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஆக்சில் பக்கமும் அதே மாதிரி. அப்புறம் டிராக் லிங்க் (ஸ்டீரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துப் பக்கம் போற கம்பி) ரெண்டு முனை, டை ராடு ரெண்டு முனை, ஸ்டீரிங் பாக்ஸ் சேசிஸ்ல உக்கார்ற போல்ட்டுங்க.

நான் பாத்த வரைக்கும் லிஃப்ட் வண்டியில முதல் குற்றவாளி பான்ஹார்ட் போல்ட்தான். லிஃப்ட் போடும்போது அதைக் கழட்டி மாட்டியிருப்பாங்க. சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போதே டைட் வச்சிருந்தா, வண்டி இறங்கினதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும். கையளவு டைட் வச்சிருந்தா போல்ட் துளைக்குள்ள அடிச்சு அடிச்சு துளையே முட்டை வடிவம் ஆயிடும். உதாரணத்துக்கு ஜீப் ரேங்கலர் ஜேகேயில அந்த போல்ட்டுக்கு 125 அடி-பவுண்டு, கிட்டத்தட்ட 170 நியூட்டன் மீட்டர். சின்ன ஸ்பேனரை வச்சு அழுத்தினா அந்த டைட் வராது. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு சர்வீஸ் கையேட்டுல பாருங்க, டார்க் ரெஞ்சு வச்சு முறுக்குங்க.

இன்னொண்ணு, திரும்ப அந்த ஆட்டம் வந்தா பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஆக்சிலேட்டரை விட்டுட்டு, ஸ்டீரிங்கை உறுதியா ஆனா மல்லுக்கட்டாம பிடிச்சு, வேகம் தானா இறங்க விடுங்க. கட்டை விரல் ஸ்டீரிங் கம்பிக்கு உள்ள இருக்கக் கூடாது.

டபுள்டிஃப்லாக்

> அது ஸ்டெபிலைசர் கேக்கற அறிகுறி இல்ல

அண்ணே, அப்போ 2019ல கம்பெனிக்காரனே புது ரேங்கலர் ஜேஎல்லுக்கு வாபிள் புகார் வந்தப்போ டேம்பரை, அதாவது ஸ்டெபிலைசரைத்தானே மாத்திக் கொடுத்தான்? குளிர்ல புகார் அதிகம் வருது, புது டேம்பர் போட்டா சரியாயிடும்னு அவங்களே சொன்னாங்க. ஸ்டெபிலைசர் மருந்தே இல்லன்னா அவங்க எதுக்கு அதைக் கொடுக்கணும்?

பதினேழாம்நம்பர்ஸ்பேனர்

நல்ல கேள்வி. ஆனா அது ஃபேக்டரியில இருந்து வந்தபடி இருக்கற வண்டி. கேஸ்டர், லிங்க் கோணம், டயர் எடை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருத்தி வச்சது. அதுல டேம்பர் ஒரு வேகத்துல, ஒரு குளிர்ல பலவீனமா இருந்தா அதை மட்டும் மாத்தறது நியாயம். கரட்டுமேடு வண்டியில கணக்கு எல்லாமே மாறிப் போச்சு. உயரம், டயர் எடை, ரிம் எல்லாம் வேற. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

நியூட்டன்மீட்டர்

ஸ்பேனர் அண்ணன் சொன்னதில் கேஸ்டர் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். பெரும்பாலான லிஃப்ட் வண்டிகள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

முன் ஆக்சிலை எந்த வகைக் கை பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து லிஃப்ட்டின் விளைவு மாறும். ரேடியஸ் ஆர்ம் வண்டியில் கையும் ஆக்சிலும் கிட்டத்தட்ட ஒரே துண்டு. கையின் நீளம் 700 மி.மீ. என்று வையுங்கள். 50 மி.மீ. தூக்கினால் கை சுமார் 4 டிகிரி சாயும், ஆக்சிலும் அதே 4 டிகிரி சுழலும். கேஸ்டரில் அப்படியே 4 டிகிரி போய்விடும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு லிங்க் உள்ள வண்டியில் இழப்பு குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. மேல் கையும் கீழ்க் கையும் வேறு வேறு நீளம் என்றால் ஒவ்வொரு இன்ச்சுக்கும் கொஞ்சம் குறைந்துகொண்டே வரும்.

கேஸ்டர் குறைந்தால் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. வண்டி நேர்க்கோட்டைத் தேடி அலையும். அந்த நிலையில் பலமான ஸ்டெபிலைசர் மாட்டினால் திரும்பி வருவது இன்னும் மந்தமாகும், ஏனென்றால் திரும்பி வருவதையும் அது தடுக்கிறது. "ஸ்டெபிலைசர் போட்ட பிறகு ஸ்டீரிங் கனமாக, செத்த மாதிரி இருக்கிறது" என்பவர்களில் பலருக்கு நிஜப் பிரச்சினை கேஸ்டர்.

அலைன்மென்ட் எடுத்த தாள் இருந்தால் கேஸ்டர், டோ (முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) இரண்டு எண்ணையும் போடுங்கள். இல்லையென்றால் முதல் செலவு அதற்கு.

குட்டிவண்டி

ரேடியஸ் ஆர்ம்னு அக்கா சொன்னது என் வண்டிக்கு அப்படியே பொருந்துது. ஜிம்னி ஜேபி74. 2018ல வந்த இந்த மாடல்ல ஸ்டீரிங் டேம்பர் கம்பெனியே போட்டுத்தான் அனுப்புது. 2 இன்ச் லிஃப்ட் போட்டப்போ கேஸ்டர் சரி பண்ற ஆஃப்செட் புஷ்ஷும் சேர்த்தே அழுத்தச் சொல்லிட்டேன். கம்பெனி டேம்பர் இன்னும் அப்படியே ஓடுது, மாத்தத் தோணல. டயர் பெருசு இல்லங்கறதும் ஒரு காரணம்தான்.

ரேக்பினியன்

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். என்னோடது முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன். 2 இன்ச் லிஃப்ட். எனக்கும் ஒண்ணு மாட்டலாமா?

நியூட்டன்மீட்டர்

தேவையில்லை. டெத் வாபிள் என்பது இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சில் பிடித்திருக்கும் அமைப்பின் வியாதி. ரேக் வண்டியில் உதறல் வந்தால் வீல் பேலன்ஸ், டை ராடு முனை, ரேக்கின் புஷ் இவற்றைப் பாருங்கள். தனி இழை தொடங்கினால் அங்கே பேசலாம்.

சேற்றுக்கால்

யாரும் டயரைச் சொல்லலையே? மட் டயர் போட்டவங்க சேத்துல இறங்கி ஏறினதும் ரிம்முக்கு உள்பக்கம் கைவிட்டுப் பாருங்க. ஒரு கையளவு சேறு ஓரத்துல காஞ்சு ஒட்டியிருக்கும். வெளிய அலம்பினா அது போகாது. 80ல உதறும்போது எல்லாரும் ஸ்டெபிலைசரைத் திட்டுவாங்க, காரணம் அந்தச் சேத்துக் கட்டி. குச்சியால சுரண்டி எடுத்தா உதறல் போயிடும்.

முன் டயரைப் பின்னாடி மாத்தி ஓட்டிப் பாக்கறதும் நல்ல சோதனை. உதறல் ஸ்டீரிங்ல இருந்து சீட்டுக்கு மாறிச்சுன்னா டயர்தான் காரணம்.

கரட்டுமேடு

எல்லாருக்கும் நன்றி. தம்பியை உள்ள உக்கார வச்சு ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி பாத்தேன்.

பான்ஹார்ட் ராடு, ஆக்சில் பக்கம். விரல்ல தெளிவா தெரிஞ்சுது, ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் டிக்னு ஒரு சின்னத் தட்டு. போல்ட்டைக் கழட்டினா துளை மேலயும் கீழயும் வட்டமா இருக்கு, குறுக்கு வாட்டுல நீண்டிருக்கு. போல்ட்டோட உடம்புல ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்ச கோடு. பிராக்கெட்டைச் சுத்தி செம்பட்டையா துருப்பொடி கொட்டியிருந்துது, இத்தனை நாளா அதைச் சேறுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். லிஃப்ட் போட்ட இடத்துல டைட் சரியா வைக்கல போல.

அலைன்மென்ட்: கேஸ்டர் ரெண்டு பக்கமும் 3க்குக் கீழ. டோ நேரா பூஜ்யம்.

பால் ஜாயின்ட், வீல் பேரிங் சரியா இருக்கு. சக்கரத்தைத் தூக்கி 12 மணி, 6 மணில பிடிச்சு ஆட்டிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல.

இப்போ துளைக்கு என்ன பண்றது? பெரிய போல்ட் போடலாமா?

பதினேழாம்நம்பர்ஸ்பேனர்

துளையை வட்டமா பெருசாக்கி அடுத்த அளவு போல்ட் போடறது ஒரு வழி, 14 மி.மீ. இருந்த இடத்துல 9/16 இன்ச் போல்ட் போடறது வழக்கத்துல இருக்கு. ஆனா அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் கால் மி.மீ. சொச்சம்தான். துளை அதுக்கு மேல நீண்டிருந்தா பெரிய போல்ட்டும் ஆடும். அப்போ சரியான துளை உள்ள தடித்த வாஷரை பிராக்கெட்டோட ரெண்டு பக்கமும் வச்சு வெல்டிங் பண்றதுதான் நிரந்தரம். வெல்டிங் பண்ணும்போது புஷ்ஷைக் கழட்டிடுங்க, சூடு பட்டா ரப்பர் உருகும். பேட்டரி வயரையும் கழட்டிடுங்க.

கேஸ்டரை 5 டிகிரிக்குப் பக்கத்துல கொண்டு வாங்க, நீளம் மாத்தக்கூடிய கீழ்க் கைகள் இல்லன்னா ஆஃப்செட் புஷ். 35 இன்ச் டயருக்கு டோ-இன் 2, 3 மி.மீ. இருந்தா நல்லது, பூஜ்யம் வேண்டாம்.

இதெல்லாம் முடிச்சுட்டு ஸ்டெபிலைசரைக் கழட்டி வச்சுட்டு, ஆள் இல்லாத நேரான ரோட்டுல மெதுவா வேகத்தைக் கூட்டிப் பாருங்க. 40, 50, 60ன்னு படிப்படியா. ஆட்டம் வர்ற மாதிரி தெரிஞ்சா அங்கயே நிறுத்துங்க. வராம நேரா போச்சுன்னா அன்னிக்குத்தான் நீங்க ஸ்டெபிலைசர் வாங்கத் தகுதியான ஆள்.

டபுள்டிஃப்லாக்

அண்ணே, ஸ்டெபிலைசரே இல்லாம ஓட்டச் சொல்றது ரிஸ்க் இல்லையா?

பதினேழாம்நம்பர்ஸ்பேனர்

ஆட்டம் இருக்கற வண்டியை ஒரு சிலிண்டரை நம்பி குடும்பத்தோட 100ல ஓட்டறதை விடக் குறைவுதான். உங்க வண்டியிலயும் ரெண்டையும் கழட்டி ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்.

நியூட்டன்மீட்டர்

சரி, வண்டி தயாராகிவிட்டது என்று வைத்து இப்போது தேர்வுக்கு வருவோம். கேள்வியில் இருந்த நான்கு வகையையும் ஒவ்வொன்றாக எடுக்கிறேன். சமமாகப் பேசப் போவதில்லை, கேஸ் வகையில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

மோனோட்யூபில் நைட்ரஜன் அழுத்தம் இருக்கும். பிஸ்டனின் ஒரு பக்கம் முழு வட்டம், மறுபக்கம் வட்டத்தில் ராடின் பரப்பு கழிந்தது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் ராடு எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ராடு விட்டம் 16 மி.மீ. என்றால் அதன் பரப்பு 2 சதுர செ.மீ. அழுத்தம் 14 பார் என்றால் தள்ளும் விசை சுமார் 28 கிலோ. வண்டி நேராக ஓடும்போதும் டை ராடை ஒரு பக்கமாக 28 கிலோ தள்ளிக்கொண்டே இருக்கும். "ஸ்டெபிலைசர் மாற்றினேன், வண்டி இடது பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் சரியாகத்தான் இருக்கிறது" என்று வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் விடை. கேஸ்டர் நன்றாக இருந்தால் அது அந்த இழுப்பை ஓரளவு அடக்கும், குறைவாக இருந்தால் இழுப்பு அப்பட்டமாகத் தெரியும்.

வாங்கும் முன் சோதிக்க எளிய வழி உண்டு. ராடைக் கையால் முழுக்க உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். தானாக முழு நீளத்துக்கு வெளியே வந்தால் கேஸ் அழுத்தம் உள்ளது. எவ்வளவு சிரமப்பட்டு அழுத்தினீர்களோ அவ்வளவு இழுப்பு வண்டியில் இருக்கும். பில்ஸ்டீன் ஸ்டீரிங் டேம்பர்கள் மோனோட்யூப் வகை. தரம் நல்லது, ஆனால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் த்ரூ-ஷாஃப்ட் வகை. ராடு சிலிண்டரின் இரண்டு முனை வழியாகவும் போகும். இரண்டு பக்கமும் பிஸ்டன் பரப்பு சமம், எனவே தள்ளும் விசை இல்லை. ஃபாக்ஸ் நிறுவனம் இதில் தடுப்பைக் கூட்டிக் குறைக்கும் வகையும் விற்கிறது. ஒரு குறை: ராடு பின்னால் நீட்டிக்கொண்டு வருவதால் அதற்கு உறை வேண்டும், மொத்த நீளமும் கூடும். இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

ஸ்பிரிங் சுற்றிய சென்டரிங் வகை எனக்குப் பிடிக்காது. டேம்பர் வேகத்தை மட்டும் எதிர்க்கும், இடத்தை எதிர்க்காது. ஸ்பிரிங் இடத்தை எதிர்க்கும். நீங்கள் திருப்பும் ஒவ்வொரு முறையும் அதை அமுக்குகிறீர்கள், பம்ப்பும் ஸ்டீரிங் பாக்ஸும் அதைச் சுமக்கின்றன. நடு நிலையைச் சரியாக அமைக்காவிட்டால் வண்டி வேறொரு "நடு"வைத் தேடிப் போகும். நீண்ட நெடுஞ்சாலையில் காற்றோடு மல்லுக்கட்டும் பெரிய வேன், கேரவன் இழுக்கும் வண்டிகளுக்கு அதில் பொருள் உண்டு. கல்லில் ஏறி இறங்கும் வண்டிக்கு இல்லை.

கரட்டுமேடு

அக்கா, சாதா ஹைட்ராலிக் வகையை விட்டுட்டீங்க. வீட்டுல பழைய பின் ஷாக் ஒண்ணு நல்லா இருக்கு, அதையே படுக்க வச்சு மாட்டினா ஆகாதா?

நியூட்டன்மீட்டர்

ஆகாது, இரண்டு காரணம். சஸ்பென்ஷன் ஷாக்கில் விரியும்போது தடுப்பு அதிகம், சுருங்கும்போது குறைவு. அதை ஸ்டீரிங்கில் மாட்டினால் ஒரு பக்கம் திருப்பக் கனம், மறுபக்கம் லேசு. ஸ்டீரிங் டேம்பரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அடுத்தது, சாதாரண ட்வின்ட்யூப் ஷாக் நின்ற நிலைக்காகச் செய்தது. படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் காற்று வால்வு வழியே பிஸ்டன் அறைக்குள் வந்துவிடும். அப்போது திசை மாறும் இடத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இருக்காது. உதறலை அடக்க வேண்டிய இடமே அந்தச் சில மில்லிமீட்டர்தான்.

படுக்கை நிலைக்கென்றே செய்த ஹைட்ராலிக் ஸ்டெபிலைசர் என்றால் தாராளமாக வாங்கலாம். 33, 35 டயருக்கு அதுவே போதும். சிலவற்றில் உடம்பில் "மேல்பக்கம்" என்று குறி இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். மாட்டும் முன் சொன்ன பக்கம் மேலே வரப் பிடித்துச் சில முறை முழுதாக இழுத்து அழுத்துங்கள், காற்று வெளியேறும்.

பதினேழாம்நம்பர்ஸ்பேனர்

அக்கா வகையைச் சொல்லிட்டாங்க, நான் மாட்டற இடத்தைச் சொல்றேன். விலை கூடின சிலிண்டரை வாங்கிட்டு மாட்டறதுல கோட்டை விடறவங்கதான் நிறைய.

முதல்ல ஸ்ட்ரோக், அதாவது ராடு போய் வர்ற தூரம். பழசைக் கழட்டிட்டு ரெண்டு மவுண்ட் துளைக்கும் நடுவுல உள்ள தூரத்தை அளங்க. முழு இடது லாக் (ஸ்டீரிங் அதுக்கு மேல திரும்பாத இடம்), நேர், முழு வலது லாக். மூணு எண் வேணும். ஸ்டெபிலைசரோட சுருங்கின நீளம் குறைஞ்ச எண்ணை விடக் குறைவா இருக்கணும், விரிஞ்ச நீளம் கூடின எண்ணை விட அதிகமா இருக்கணும், ரெண்டு பக்கமும் குறைஞ்சது 10 மி.மீ. மிச்சம். சக்கரத்தோட சேர்ந்து திரும்பற நக்கிள்ல இருக்கற ஸ்டாப்பர் போல்ட்தான் லாக்கை நிறுத்தணும். சிலிண்டர் நிறுத்தினா, பவர் ஸ்டீரிங் தள்ளற வேகத்துக்கு மவுண்ட் கிழியும், இல்லன்னா ராடு வளையும்.

ரெண்டாவது, எதுல இருந்து எதுக்குப் போகுது. ஆக்சில்ல இருந்து டை ராடுக்குப் போற மாதிரி இருந்தா லிஃப்ட் எவ்வளவு இருந்தாலும் கோணம் மாறாது, ரெண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். சேசிஸ்ல இருந்து டிராக் லிங்குக்குப் போற மாதிரி இருந்தா லிஃப்ட் போட்டதும் சாஞ்சுடும்.

நியூட்டன்மீட்டர்

சாய்வின் விலை நினைப்பதைவிடக் கூடுதல். விசையும் குறைகிறது, பிஸ்டன் நகரும் வேகமும் குறைகிறது, இரண்டும் பெருக்கிக்கொள்ளும். 30 டிகிரி சாய்ந்தால் தடுப்பு முக்கால் பங்கு, 45 டிகிரி சாய்ந்தால் பாதி. பலமான சிலிண்டர் வாங்குவதற்குப் பதில் மவுண்டை நேராக்கினாலே போதுமான வண்டிகள் உண்டு.

பதினேழாம்நம்பர்ஸ்பேனர்

அதே. மூணாவது, கிளாம்ப். யூ-போல்ட் போட்டு டை ராடுல பிடிக்கற கிளாம்ப் வழுக்கும். டை ராடும் தன் அச்சுல கொஞ்சம் உருளும், சிலிண்டர் அதுக்கு முன்னாடியோ கீழயோ தொங்கினா உருட்டற விசை இன்னும் கூடும். கிளாம்ப் உக்கார்ற இடத்துல பெயின்ட்டைத் தேய்ச்சு எடுத்துட்டு மாட்டுங்க, கொஞ்ச தூரம் ஓட்டினப்புறம் திரும்ப டைட் பாருங்க. பக்கத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சா வழுக்கினதா இல்லையான்னு பாத்த உடனே தெரியும். அலைன்மென்ட் பண்றவர் டோ மாத்த டை ராடை உருட்டினா கிளாம்ப்பைத் தளர்த்தித் திரும்பப் பிடிக்கணும், அதைச் சொல்லி அனுப்புங்க.

சிலிண்டர் ஆக்சிலுக்குக் கீழ தொங்கக் கூடாது. முதல் கல்லு அதுக்குத்தான்.

டபுள்டிஃப்லாக்

ஸ்பேனர் அண்ணன் சொன்னாரேன்னு ரெண்டையும் கழட்டி ஓட்டினேன். 60 வரைக்கும் நேராத்தான் போச்சு, 60க்கு மேல முன்பக்கம் முணுமுணுக்குது. டிராக் லிங்க் முனையில ஆட்டம் இருக்கு, புதுசு சொல்லியிருக்கேன். ஆனாலும் 37க்கு ரெண்டு சிலிண்டர் தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். ரிம் வெளிய தள்ளி நிக்குது, கல்லுல மோதினா உதை பயங்கரம்.

நியூட்டன்மீட்டர்

ரிம் வெளியே வந்தால் உதை கூடும் என்பது சரி. ஸ்டீரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் உதையின் நெம்புகோல். டயர் உயரம் கூடும்போது அது கொஞ்சம் குறையும், ஆனால் ஆஃப்செட் மாறிய ரிம் அதைவிட அதிகமாகக் கூட்டிவிடும். 20 மி.மீ. இருந்தது 50 ஆனால் அதே கல்லில் அதே மோதலுக்கு இரண்டரை மடங்கு முறுக்கு. அந்த இடத்தில் பலமான தடுப்பு நியாயம். அதற்கு நான் இரண்டைவிட ஒரு நல்ல, தடுப்பு மாற்றக்கூடிய சிலிண்டரையே எடுப்பேன்: ஒன்றில் கசிவு வந்தால் தெரியும். இரண்டில் ஒன்று செத்தால் மற்றது மறைத்துவிடும். ஹைட்ராலிக் அசிஸ்ட் ராம் (எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீரிங்கைத் தள்ள உதவும் சிலிண்டர்) போடும் அளவுக்குப் போனால் பெரும்பாலும் ஸ்டெபிலைசரே வேண்டாம், ராமில் உள்ள எண்ணெயே அந்த வேலையைச் செய்யும்.

கரட்டுமேடு

நிலவரம்: பிராக்கெட்டுல வாஷர் வெல்டிங் ஆச்சு, புது போல்ட், புது புஷ், வண்டி தரையில நிக்கும்போது டைட். கேஸ்டர் 5க்குக் கொஞ்சம் மேல, டோ-இன் 2 மி.மீ. ஸ்டெபிலைசர் இல்லாம 80 வரைக்கும் ஓட்டினேன். உதறல் இல்ல, கையை லேசா விட்டாலும் நேரா போகுது. பாலத்துல மட்டும் உதை இருக்கு.

அளவு: இடது லாக் 355, நேர் 458, வலது லாக் 560 மி.மீ. ஆக்சில்ல இருந்து டை ராடுக்குப் போறது. ரெண்டு சிலிண்டர் பாத்திருக்கேன். முதல் சிலிண்டர் சாதா ஹைட்ராலிக், சுருங்கினா 340, விரிஞ்சா 575. ரெண்டாவது கேஸ் மோனோட்யூப், சுருங்கினா 362, விரிஞ்சா 580.

பதினேழாம்நம்பர்ஸ்பேனர்

ரெண்டாவது இடது லாக்குக்கு முன்னாடியே முட்டும். 355 எங்க, 362 எங்க. முதலாவதை எடுங்க, ரெண்டு பக்கமும் 15 மிச்சம் இருக்கு.

நியூட்டன்மீட்டர்

முதலாவதேதான். நடுவும் கச்சிதமாக விழுகிறது, 457.5.

கரட்டுமேடு

சொல்லிட்டேன், வருது. கடைசியா ஒண்ணு. ராடு மேல ரப்பர் உறை போட்டது, போடாததுன்னு ரெண்டு இருக்கு. சேத்துல ஓட்டறவங்க எதைப் போடறீங்க?

சேற்றுக்கால்

போடாதது. உறைக்குள்ள சேறு போச்சுன்னா வெளிய வராது, ராடைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும், சீல் போயிடும். போடாததுல சேறு கண்ணுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்ததும் தண்ணி அடிச்சுத் துடைச்சு விட்டாப் போதும். கல்லு அதிகம், சேறு குறைவுன்னா உறை போட்டதை எடுங்க, ராடுல கீறல் விழாது. ஆனா கீழ தண்ணி வடிய ஓட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க.

கரட்டுமேடு

எனக்குச் சேறுதான் அதிகம். அப்போ உறை இல்லாதது.